சுருதியை விடாத கைகள்

1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு ஜாஸ் இசைத்தட்டு வெளிவந்தது. ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ என்பது அதன் பெயர். அப்பெயரில் இடம்பெற்ற சுவாமி சச்சிதானந்தா, கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்த தமிழர். அந்த இசைத்தட்டை உருவாக்கியவரோ அமெரிக்கத் தொழில் நகரம் ஒன்றில் பிறந்து வளர்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணி. அவர்தாம் பியானோ இசைக்கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேன்.

ஜாஸ் இசையுலகில் அன்று பெண்கள் பெரும்பாலும் பாடகிகளாகவே அறியப்பட்டனர். கருவி வாசித்தும் இசையமைத்தும் குழுவைத் தலைமையேற்று நடத்தியும் புகழ்பெற்ற பெண்கள் மிகச் சிலரே. அச்சிலருள் ஆலிஸ் ஒருவர். முப்பது வயது நிறைவதற்குள் கணவரை இழந்தார். நான்கு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். தம் இசையைக் குறை கூறியவர்களையும் எதிர்கொண்டார். இத்தனைக்கும் நடுவில் அவர் தமக்கென ஓர் இசைவழியை எவ்வாறு கண்டார் என்பதை இப்பகுதியில் காண்போம்.

தேவாலயத்தில் தொடங்கிய பயிற்சி

ஆலிஸ் மெக்லியோட் 1937ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். டெட்ராய்ட், கார் தொழிற்சாலைகளுக்குப் பெயர்போன நகரம். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இனப் பாகுபாட்டாலும் வறுமையாலும் வாடிய ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் வேலை தேடி வடக்கே இடம்பெயர்ந்தனர். அவர்களுள் பல்லாயிரம் பேர் டெட்ராய்டில் குடியேறினர். கடல் கடந்து மலாயாவுக்கு வந்து பால்மரக் காடுகளில் உழைத்த நம் முன்னோரைப் போலவே, அவர்களும் ஊரை விட்டு வந்தபோது தங்கள் பாட்டையும் வழிபாட்டையும் உடன் கொண்டு வந்தனர். வாரம் முழுவதும் தொழிற்சாலையில் பாடுபட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கூடி மனமுருகப் பாடினர்.

ஆலிஸின் குடும்பம் இசைக் குடும்பம். தாயார் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தவர். அண்ணன் எர்னஸ்ட் ஃபாரோ பேஸ் என்னும் பெரிய நரம்பிசைக் கருவியை வாசிக்கும் ஜாஸ் கலைஞர். தங்கை மெரிலின் பின்னாளில் பாடலாசிரியராகப் பெயர் பெற்றார். ஆலிஸ் ஏழாவது வயதில் பியானோ கற்கத் தொடங்கினார். ஐரோப்பியச் செவ்வியல் இசையை முறையாகப் பயின்றார். பின்னர்த் தேவாலய வழிபாட்டில் பியானோவும் ஆர்கனும் வாசித்தார்.

தேவாலயத்தில் வாசிப்பது வெறும் கைத்திறன் சார்ந்த வேலையன்று. ஒருவர் பாட்டின் அடியை எடுத்துக்கொடுப்பார். கூடியிருப்போர் அதனைத் திருப்பிப் பாடுவர். பாடுவோரின் உணர்ச்சி பெருகப் பெருகப் பாட்டின் வேகமும் கூடும். கருவி வாசிப்பவர் தாளில் உள்ள சுரங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது; பாடுவோரின் மனநிலையையும் கவனிக்க வேண்டும். மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத் தோட்டக் கோயில்களில் பஜனை பாடியவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும். நம் பஜனையிலும் முதலடியை ஒருவர் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள் அல்லவா? இளமையில் பெற்ற இந்தப் பழக்கம் பல ஆண்டுகளுக்குப் பின்னர் ஆலிஸின் வாழ்வில் வேறொரு வடிவில் பயன்பட்டது.

பாரிஸ் முதல் நியூயார்க் வரை

அன்றைய டெட்ராய்ட் நகரம் சிறந்த ஜாஸ் கலைஞர்கள் பலரை உருவாக்கியது. அண்ணன் எர்னஸ்டின் வழிகாட்டலில் ஆலிஸ் ஜாஸ் இசையில் ஆழ்ந்தார். கலைஞர் மேடையிலேயே கற்பனையாக இசையைப் படைப்பதே ஜாஸின் உயிர்நாடி. கருநாடக இசைக் கச்சேரியில் வித்துவான் ஒரு இராகத்தை எடுத்துக்கொண்டு அந்த நேரத்துக் கற்பனையால் விரித்துப் பாடுவதை இதற்கு ஒப்பாகக் கூறலாம்.

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஆலிஸ் பிரான்சின் தலைநகர் பாரிசுக்குச் சென்றார். புகழ்பெற்ற ஜாஸ் பியானோ மேதை பட் பவல் அப்போது அங்கே வாழ்ந்து வந்தார். ஆலிஸ் அவரிடம் கற்றார். பவலின் வலக்கை மின்னல் வேகத்தில் சுரங்களைக் கோக்கும். அந்தப் பாணியின் தாக்கம் ஆலிஸின் தொடக்ககால வாசிப்பில் தெளிவாகத் தெரியும். பாரிசிலிருந்த புளூநோட் என்னும் இசையரங்கில் பெரிய கலைஞர்களின் நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட வேளையில் அவர் பியானோ வாசித்தார்.

அக்காலத்தில் பாடகர் ஒருவரை மணந்து பெண் குழந்தைக்குத் தாயானார். அத்திருமணம் நிலைக்கவில்லை. குழந்தை மிஷலுடன் டெட்ராய்டுக்குத் திரும்பி, மீண்டும் உள்ளூர் இசைக்குழுக்களில் வாசித்துப் பிழைப்பைத் தொடங்கினார். 1962ஆம் ஆண்டு வைப்ரபோன் கலைஞர் டெர்ரி கிப்ஸ் அவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். அக்குழுவுடன் ஊர் ஊராகச் சென்று வாசித்ததால் ஆலிஸின் பெயர் நியூயார்க் வரை பரவியது.

1963ஆம் ஆண்டு நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் அரங்கில் டெர்ரி கிப்ஸ் குழுவும் ஜான் கோல்ட்ரேன் குழுவும் ஒரே மேடையில் அடுத்தடுத்து வாசித்தன. ஜான் கோல்ட்ரேன் சாக்சபோன் வாசிப்பில் உலகப் புகழ் பெற்றவர். அங்கே அறிமுகமான இருவரும் 1965ஆம் ஆண்டு திருமணம் செய்துகொண்டனர். அவர்களுக்கு மூன்று ஆண் பிள்ளைகள் பிறந்தனர். இரண்டாவது மகனுக்கு ரவி என்று பெயரிட்டனர். சித்தார் மேதை ரவிசங்கரிடம் ஜான் கொண்ட மதிப்பே அதற்குக் காரணம்.

குறைந்த சுரங்கள், நிறைந்த இசை

இவ்விடத்தில் இசையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம். பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பதைக் கார்டு என்பர். பழைய ஜாஸ் பாடல்களில் கார்டுகள் சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றங்களுக்கு ஏற்பக் கலைஞர் விரைந்து வாசிக்க வேண்டும். 1950களின் இறுதியில் சில ஜாஸ் கலைஞர்கள் இம்முறையைத் தளர்த்தினர். ஒரே கார்டில் நெடுநேரம் நின்று, அதன்மேல் நிதானமாகக் கற்பனையை விரித்தனர். 1959ஆம் ஆண்டு மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட ‘கைண்ட் ஆஃப் புளூ’ இசைத்தட்டு இதற்குச் சிறந்த சான்று. அதில் சாக்சபோன் வாசித்தவர்களுள் ஜான் கோல்ட்ரேனும் ஒருவர்.

ஜான் அத்துடன் நிற்கவில்லை. இந்திய இசையைக் கேட்டார். தம்புரா எழுப்பும் சுருதி அவரைக் கவர்ந்தது. கச்சேரி தொடங்கியது முதல் முடியும் வரை தம்புரா ஒரே சுருதியை எழுப்பிக்கொண்டே இருக்கும்; பாட்டு எவ்வளவு உயரம் பறந்தாலும் அந்தச் சுருதியிடமே திரும்பி வரும். 1961ஆம் ஆண்டு ஜான் ‘இந்தியா’ என்ற பெயரிலேயே ஓர் இசைப் படைப்பை ஒலிப்பதிவு செய்தார்.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் மற்றோர் இசை இயக்கமும் தோன்றியது. லா மாண்ட் யங், டெர்ரி ரைலி முதலியோர் மிகச் சில சுரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றை நீட்டியும் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தும் இசையமைத்தனர். இதுவே மினிமலிச இசை எனப்படுகிறது. குறைந்த பொருளைக் கொண்டு நிறைவான அனுபவத்தைத் தருவது அதன் நோக்கம். யங்கும் ரைலியும் ஜான் கோல்ட்ரேனின் இசையை விரும்பிக் கேட்டவர்கள். பின்னர் இந்துஸ்தானி இசைக்கலைஞர் பண்டிட் பிராண் நாத்திடம் மாணவர்களாகச் சேர்ந்தவர்கள். ஜாஸ், மினிமலிசம் ஆகிய இரண்டு வழிகளில் சென்றவர்களும் சுருதி என்னும் ஒரே இடத்தில் சந்தித்தனர் எனலாம். ஆலிஸ் பின்னாளில் உருவாக்கிய இசைக்கும் அச்சுருதியே அடித்தளமாயிற்று.

1965ஆம் ஆண்டின் இறுதியில் ஜான் குழுவின் பியானோ கலைஞர் மெக்காய் டைனர் விலகினார். 1966ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த இடத்தில் ஆலிஸ் அமர்ந்தார். டைனரின் வாசிப்பைப் பெரிதும் விரும்பிய இரசிகர்களுக்கு இம்மாற்றம் ஏமாற்றமாக இருந்தது. மனைவி என்பதால்தான் அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது என்று பேசியவர்களும் உண்டு. ஆனால் அப்போது ஜானின் இசையே மாறிக்கொண்டிருந்தது. ஒழுங்கான தாளக்கட்டைக் கடந்து அலைபோல எழும்பி வந்த அந்த இசைக்கு, பியானோவின் மேற்கோடி முதல் கீழ்க்கோடி வரை விரல்களை ஓடவிட்டுத் தொடர்ந்த ஒலிப்பரப்பை உண்டாக்கும் ஆலிஸின் பாணி பொருத்தமாக அமைந்தது. அவ்வாண்டு அக்குழு ஜப்பானுக்கும் சென்று இசை நிகழ்ச்சிகளை நடத்தியது.

துயரமும் ஹார்ப் இசையும்

1967ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் ஜான் கோல்ட்ரேன் கல்லீரல் புற்றுநோயால் காலமானார். அவருக்கு வயது 40. ஆலிஸ் இன்னும் சில வாரங்களில் முப்பது வயதை எட்டவிருந்தார். கடைசி மகன் அப்போது கைக்குழந்தை.

இழப்பு ஆலிஸைக் கடுமையாகத் தாக்கியது. உறக்கம் போயிற்று; உடல் மெலிந்தது. நீண்ட நேரம் தியானத்தில் அமர்ந்தார். அவருடைய மனமும் உடலும் நலிந்த காலம் அது. எனினும் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு இருந்தது. கணவர் விட்டுச்சென்ற ஒலிப்பதிவுகளைக் காக்கும் பொறுப்பும் இருந்தது. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் டிக்ஸ் ஹில்ஸ் என்னும் ஊரில் அவர்களுடைய வீடு இருந்தது. அவ்வீட்டிலேயே ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்துக்கொண்டார். இதனால் பிள்ளைகளை விட்டு நெடுநாள் பிரியாமலே அவரால் இசைப்பணியைத் தொடர முடிந்தது.

ஜான் உயிரோடிருந்தபோது ஹார்ப் ஒன்றை வாங்க ஏற்பாடு செய்திருந்தார். அவர் மறைந்த பின்னரே அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஹார்ப் நம் பழந்தமிழரின் யாழை நினைவூட்டும் கருவி. பெரிய ஹார்ப்பில் 47 நரம்புகள் இருக்கும். சுரங்களை மாற்றுவதற்குக் காலால் அழுத்தும் ஏழு மிதிகளும் உண்டு. இரண்டு கைகளுக்கும் இரண்டு கால்களுக்கும் வேலை கொடுக்கும் கடினமான கருவி அது. ஜாஸ் இசையில் ஹார்ப் வாசித்தவர்கள் மிகக் குறைவு. டெட்ராய்டைச் சேர்ந்த டாரதி ஆஷ்பி அவர்களுள் முன்னோடி. முப்பதை நெருங்கிய வயதில், துயரத்துக்கு நடுவே, ஆலிஸ் அக்கருவியைத் தம் முயற்சியால் கற்றுத் தேர்ந்தார்.

1968ஆம் ஆண்டு, அவர் தலைமையேற்று உருவாக்கிய முதல் இசைத்தட்டான ‘எ மொனாஸ்டிக் டிரியோ’ வெளிவந்தது. கணவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்ட அந்த இசைத்தட்டிலேயே அவருடைய ஹார்ப் இசையும் ஒலித்தது. நரம்புகளை ஒவ்வொன்றாகத் தெறிப்பதைவிட, கையை முழுதாக வீசி நீரோடை போன்ற ஒலியை எழுப்புவதையே அவர் விரும்பினார். அந்த ஒலி அவருடைய அடையாளமாயிற்று.

செட்டிபாளையத்திலிருந்து வந்த குரு

மன அமைதியைத் தேடிய அந்நாள்களில், வாசிப்பவர் நண்பர் விஷ்ணு வுட் வழியாக ஆலிஸுக்குச் சுவாமி சச்சிதானந்தாவின் அறிமுகம் கிடைத்தது. 1914ஆம் ஆண்டு பிறந்த சச்சிதானந்தாவின் இயற்பெயர் இராமசாமி. அவர் 1949ஆம் ஆண்டு ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்றார். பிறகு இலங்கையில் திருகோணமலை, கண்டி ஆகிய இடங்களில் தொண்டாற்றினார். 1966ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குச் சென்று அங்கு யோகக் கலையைப் பரப்பினார். 1969ஆம் ஆண்டு பல இலட்சம் இளைஞர்கள் திரண்ட வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடக்கிவைத்துப் பேசியவரும் அவரே.

இந்தக் குரு மரபில் நம் நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. சச்சிதானந்தாவின் குருவான சிவானந்தர் திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் 1887ஆம் ஆண்டு பிறந்தவர். துறவு பூணுமுன் மருத்துவராக விளங்கிய அவர், 1913ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்தார். நெகிரி செம்பிலானில் ரப்பர்த் தோட்ட மருத்துவமனையிலும், பின்னர் ஜொகூரிலும் பணிபுரிந்தார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இங்கிருந்த பின்னர் 1923ஆம் ஆண்டு தாயகம் திரும்பினார். மெர்லிமாவுக்கு வடக்கே நெகிரி செம்பிலானிலும் தெற்கே ஜொகூரிலும் தோட்டத் தொழிலாளர்களின் நோய்க்கு மருந்து தந்தவரின் மாணவர், அரை நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்காவில் ஒரு கலைஞரின் மனத்துயர் நீங்க வழிகாட்டினார்.

சச்சிதானந்தாவின் போதனைகள் ஆலிஸுக்கு ஆறுதல் அளித்தன. 1970ஆம் ஆண்டு நவம்பரில் டிக்ஸ் ஹில்ஸ் வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ இசைத்தட்டின் பெரும்பகுதி உருவானது. அதன் முதல் படைப்பு, தம்புராவின் சுருதியோடு தொடங்குகிறது. அடுத்துச் செசில் மெக்பீ பேஸ் கருவியில் சில சுரங்களே கொண்ட ஒரு சிறு தொடரை வாசிக்கிறார். ஆறு நிமிடத்துக்கும் மேல் நீளும் அப்படைப்பு முழுவதும் அத்தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அதன்மேல் ஆலிஸின் ஹார்ப் அலை அலையாகப் பரவுகிறது. ஃபாரோ சாண்டர்ஸின் சாக்சபோன் உருகிப் பாடுகிறது. சிறு மணிகள் ஒலிக்கின்றன. அடித்தளம் மாறாமலிருப்பதால், மேலே நிகழும் ஒவ்வொரு சிறு மாற்றமும் கேட்பவரின் காதில் தெளிவாக விழுகிறது.

இசைத்தட்டின் கடைசிப் படைப்பில் விஷ்ணு வுட் ஊது என்னும் அரபு நாட்டு நரம்பிசைக் கருவியை வாசித்தார். நம் நாட்டு மலாய் இசையில் பயன்படும் காம்புஸ் கருவிக்கு அது உறவு. ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் ஜாஸ், இந்தியத் தம்புரா, அரபு ஊது ஆகிய மூன்றும் ஒரே இசைத்தட்டில் இடம்பெற்றன. ஒன்று மற்றொன்றை அடக்காமல் யாவும் ஒரே சுருதியில் இணைந்தன. அவ்வாண்டு டிசம்பரில் ஆலிஸ் தம் குருவுடன் இந்தியாவுக்குப் பயணம் மேற்கொண்டார்.

எதிர்ப்பும் உறுதியும்

இந்தியப் பயணத்துக்குப் பிறகு ஆலிஸின் இசை மேலும் விரிந்தது. 1971ஆம் ஆண்டில் வெளிவந்த ‘யுனிவர்சல் கான்ஷியஸ்னஸ்’ இசைத்தட்டில் மின் ஆர்கனை வாசித்தார். வயலின் கலைஞர்களுக்கான இசையையும் தாமே அமைத்தார். தேவாலயத்தில் பழகிய ஆர்கன் இப்போது அவருக்குப் புதிய குரலாயிற்று. பியானோவில் ஒரு சுரத்தைத் தட்டினால் அது சிறிது நேரத்தில் தேய்ந்துவிடும். ஆர்கனிலோ விரலை எடுக்கும் வரை ஒலி நீளும். நீடித்த சுருதியை விரும்பிய அவருக்கு அது ஏற்ற கருவியாக அமைந்தது.

1972ஆம் ஆண்டு அவர் செய்த ஒரு செயல் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. ஜான் விட்டுச்சென்ற சில ஒலிப்பதிவுகளுடன் வயலின் குழுவின் இசையையும் தம் ஹார்ப் இசையையும் சேர்த்து ‘இன்ஃபினிட்டி’ என்ற பெயரில் வெளியிட்டார். மறைந்த மேதையின் இசையில் கைவைக்கலாமா என்று இரசிகர்களும் விமர்சகர்களும் சினந்தனர். அவர்களின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. இறந்த கலைஞரால் தம் விருப்பத்தைச் சொல்ல முடியாது அல்லவா? ஆயினும் ஆலிஸ் அயலார் அல்லர். ஜானின் கடைசிக் காலத்தில் அவரோடு வாசித்தவர். அவருடைய இசை சென்றுகொண்டிருந்த திசையை அருகிலிருந்து கண்டவர். இந்த வழக்கில் எவர் பக்கம் நியாயம் மிகுதி என்பதை நீங்களே சிந்தித்துப் பாருங்கள். இன்றும் இசை அறிந்தோரிடையே இது பற்றிக் கருத்து வேறுபாடு நிலவுகிறது.

விமர்சனங்களால் ஆலிஸ் தம் போக்கை மாற்றிக்கொள்ளவில்லை. பிள்ளைகளுடன் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். 1975ஆம் ஆண்டு அங்கே வேதாந்த மையம் ஒன்றை நிறுவினார். துறவு நெறியை மேற்கொண்டு துரியசங்கீதானந்தா என்னும் பெயரை ஏற்றார். 1970களின் இறுதியில், பெரிய நிறுவனங்களுக்காக இசைத்தட்டு வெளியிடுவதை நிறுத்திக்கொண்டார். புகழும் வருமானமும் தரும் மேடைகளிலிருந்து அவரே விலகினார்.

மலையடிவாரத்தில் பஜனை

1983ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வெளியே, சாண்டா மோனிகா மலைப்பகுதியில் அகோரா என்னும் இடத்தில் ஓர் ஆசிரமத்தை நிறுவினார். அது பின்னர்ச் சாயி அனந்தம் ஆசிரமம் என்று பெயர் பெற்றது. அங்கே வாழ்ந்தவர்களுள் பலர் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் ஒன்றுகூடி வடமொழிப் பஜனைப் பாடல்களைப் பாடினர். ஆலிஸ் ஆர்கன் முன் அமர்ந்து வாசித்தவாறே வழிநடத்தினார்.

அந்தப் பஜனைகளின் சிறப்பு என்ன தெரியுமா? சொற்கள் இந்தியாவிலிருந்து வந்தவை. பாடிய முறையோ டெட்ராய்ட் தேவாலயத்தில் பிறந்தது. மெதுவாகத் தொடங்கும் நாமாவளி, கைத்தட்டலும் கஞ்சிராவைப் போன்ற டாம்பரின் ஒலியும் சேர்ந்து எழுச்சி பெறும். ஒருவர் முன்னே பாட, மற்றவர்கள் உரத்த குரலில் பின்தொடர்வர். சிறுமியாக இருந்தபோது கற்றதை ஆலிஸ் கைவிடவில்லை. புதிதாகக் கற்றதோடு அதனை இணைத்தார்.

1982ஆம் ஆண்டு மற்றொரு துயரம் அவரைத் தாக்கியது. மூத்த மகன் ஜான் சாலை விபத்தில் உயிரிழந்தார். அதே ஆண்டில் ‘துரியா சிங்ஸ்’ என்னும் ஒலிநாடா வெளிவந்தது. அதுவரை கருவியை மட்டுமே வாசித்து வந்த ஆலிஸ், அதில் முதன்முறையாகத் தம் குரலில் பாடினார். பயிற்சி பெற்ற பாடகியின் நெளிவு சுளிவுகள் அக்குரலில் இல்லை. தாழ்ந்து, நிதானமாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் அது ஒலிக்கும். இத்தகைய ஒலிநாடாக்கள் ஆசிரமத்தினரின் வழிபாட்டுக்காகவே வெளியிடப்பட்டன. கடைகளில் பரவலாக விற்கப்படவில்லை. அதனால் ஜாஸ் உலகம் அவரை ஏறத்தாழ மறந்துபோயிற்று.

மகன் அழைத்த மேடை

தாய் தந்தையரின் வழியில் சாக்சபோன் கலைஞராக வளர்ந்த ரவி, தாயார் மீண்டும் ஜாஸ் வாசிக்க வேண்டும் என்று விரும்பினார். தொடர்ந்து வற்புறுத்தினார். அதன் பயனாக 2004ஆம் ஆண்டு ‘டிரான்ஸ்லீனியர் லைட்’ வெளிவந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பின்னர் ஆலிஸ் உருவாக்கிய ஜாஸ் இசைத்தொகுப்பு அது. ரவியே அதனைத் தயாரித்தார். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் சில நகரங்களில் தாயும் மகனும் ஒரே மேடையில் வாசித்தனர். இளைஞர்கள் பெருந்திரளாக வந்து கேட்டனர்.

அம்மேடைகளே அவருக்குக் கடைசி மேடைகளாயின. 2007ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் ஆலிஸ் கோல்ட்ரேன் தமது 69ஆவது வயதில் காலமானார். நியூயார்க் மாநிலத்தில் கணவர் ஜானின் கல்லறை அருகிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்த பின்னர் அவருடைய இசையைத் தேடிக் கேட்போர் பெருகினர். 2017ஆம் ஆண்டு அவருடைய ஆசிரமப் பஜனைகள் தொகுக்கப்பட்டு உலகெங்கும் விற்பனைக்கு வந்தன. தங்கை மெரிலினின் பேரன் ஃபிளையிங் லோட்டஸ் என்னும் பெயரில் மின்னணு இசை படைத்துப் பாட்டியின் தாக்கத்தை இளந்தலைமுறையிடம் கொண்டு சேர்த்தார். ஆலிஸ் வாழ்ந்த டிக்ஸ் ஹில்ஸ் வீடும் இடிக்கப்படாமல் வரலாற்றுச் சின்னமாகக் காப்பாற்றப்பட்டது. ஆனால் அகோரா ஆசிரமக் கட்டடம் 2018ஆம் ஆண்டு நவம்பரில் கலிபோர்னியாவில் மூண்ட பெரும் காட்டுத் தீயில் எரிந்து போயிற்று.

2021ஆம் ஆண்டு ‘துரியா சிங்ஸ்’ பாடல்களின் மற்றொரு வடிவம் வெளியிடப்பட்டது. முந்தைய ஒலிநாடாவில் சேர்க்கப்பட்டிருந்த வயலின் முதலிய ஒலிகள் இதில் இல்லை. ஓர் ஆர்கன், ஒரு குரல், அவ்வளவே. ஆர்கன் ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது; குரல் அதன்மேல் மெல்ல நடக்கிறது. கணவரையும் மகனையும் இழந்த ஒருவர், இழப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், அமைதியாகப் பாடுகிறார்.

துன்பம் வரும்போது பலர் தம் திறமையை மூட்டைகட்டி வைத்துவிடுவதுண்டு. ஆலிஸோ துன்பம் வந்த ஒவ்வொரு முறையும் கற்பதற்குப் புதிதாக ஒன்றைத் தேடினார். கணவர் மறைந்தபோது ஹார்ப் கற்றார். மனம் தளர்ந்தபோது வேறொரு நாட்டின் சுருதியைக் கற்றார். நாற்பத்தைந்தை எட்டிய வயதில் பாடத் தொடங்கினார். இசை வகுப்பிலோ கோயில் பஜனையிலோ சுருதிப் பெட்டியின் ஒலியைக் கேட்கும்போது, அந்த ஒரே ஒலியைப் பற்றிக்கொண்டு ஒரு வாழ்நாள் முழுவதும் புதிது புதிதாகப் படைத்தவர் ஒருவர் இருந்தார் என்பதை நினைவிற்கொள்வோம்.